படத்தில் இல்லாத இடம்

பற்சக்கரம், வெல்டிங், ஷிப்ட், கூடுதல் நேரம் ஆகியவற்றுக்கான கொரியச் சொற்களை என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் மொழிபெயர்ப்பாளர். ஆனால் மாஸ்டர் ஹான் தன் தலையின் பக்கவாட்டைத் தொட்டு, "க்வான்ஜானோரி. இதற்குத் தமிழில் என்ன?" என்று கேட்டபோது விழித்தேன். எந்த இயந்திரத்திலும் அந்தப் பாகம் கிடையாது.

மாஸ்டர் ஹான் எங்கள் பகுதியில் டேக்வாண்டோ பள்ளி நடத்துகிறவர். அறுபதைத் தாண்டியவர். 'சரி', 'போதும்', 'இன்னொரு தடவை' ஆகிய மூன்றும்தான் அவருடைய தமிழ். இலங்கையில் கிளிநொச்சியில் அவருடைய பழைய மாணவி வாசுகி வகுப்பு நடத்துகிறாள். அவளுடைய மாணவி ஒருத்திக்குக் கறுப்புப் பட்டித் தேர்வு, கூட வர முடியுமா என்று கேட்டார். நான் அதுவரை கடல் தாண்டியதில்லை. முடியும் என்று சொன்ன பிறகுதான் விடுப்பு மீதம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

கிளம்புமுன் ஒழுங்காகத் தயாரானேன். உடம்பில் அடி தாங்காத இடங்களைக் கொரிய மொழியில் 'கூப்சோ' என்கிறார்கள். சொல்லைப் பிரித்தால் 'அவசரமான இடம்' என்று வரும். க்வான்ஜானோரி என்றால் நெற்றிப்பொட்டு. மியொங்சி என்றால் நெஞ்சுக்குழி. யொப்குரி என்பது விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவில் உள்ள பக்கவயிறு. இன்ஜுங் மட்டும் சிக்கவில்லை. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையில் இருக்கும் சிறு பள்ளம் அது. எங்கள் வீட்டில் யாருக்கும் அதன் பெயர் தெரியவில்லை. இத்தனை காலமாக முகத்திலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறோம்.

"தனியாகப் பயிற்சி செய்யும்போது எதிரே யாரும் இருக்க மாட்டார்கள். ஆனாலும் காற்றைக் குத்தக் கூடாது, ஒரு கூப்சோவைக் குத்த வேண்டும்" என்பார் மாஸ்டர். இதைக் கேட்ட பிறகு அலுவலகத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் நெஞ்சுக்குழிகள் எல்லாம் என் கண்ணில் பட ஆரம்பித்தன.

முதல் நாள் கொழும்பிலிருந்து ரயிலில் வந்து வவுனியாவில் இறங்கினோம். ரயில் அங்கே நிற்பது கொஞ்ச நேரம்தான். பெட்டிகளை எண்ணி இறக்கினேன். எல்லாம் சரியாக இருந்தது. ரயில் நகர்ந்த பிறகுதான் மாஸ்டர் தன் தோளைத் தொட்டுப் பார்த்தார். கூப்சோக்கள் அனைத்தையும் குறித்த ஆள் உயரப் படம் ஒன்றைக் குழாயில் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். அது மேல்தட்டில் சாய்ந்தபடி யாழ்ப்பாணம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பெட்டிகளை எண்ணியபோது குழாயை நான் பெட்டியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

நிலையத்தில் இருந்தவர் பதற்றமே இல்லாமல் தொலைபேசியை எடுத்தார். "பளையில இறக்கச் சொல்லியிருக்கு. ஆனா இண்டைக்கு வராது. நாளைக்கோ நாளையிண்டைக்கோ ஆரும் பஸ்ஸில விடுவினம். பயப்பிடாதேங்கோ, இஞ்ச சாமான் துலையிறேல்ல, பிந்தும்" என்றார்.

வாசுகி வானுடன் வந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். போர்க் காலத்தில் குடும்பத்தோடு தமிழ்நாட்டுக்கு வந்து முகாமில் இருந்தவள், அப்போது மாஸ்டரிடம் பயின்றவள். மாஸ்டரைப் பார்த்ததும் நடைமேடையிலேயே குனிந்து வணங்கினாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்கள் சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டாள். எங்கள் ஊரில் உறவினர்கள்கூட முதல் கேள்வியாக ரயில் எத்தனை மணிக்கு வந்தது என்றுதான் கேட்பார்கள்.

கடையில் இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். தேங்காயும் மிளகாயும் எங்கள் சட்னியிலும் இருக்கின்றன. ஆனால் எங்கள் சட்னி முதலில் குளிர்ந்து பிறகுதான் காரத்தைச் சொல்லும், இந்தச் சம்பல் நாக்கில் பட்டதுமே சொல்லிவிடுகிறது. கொரியாக்காரருக்கு மிளகாய் புதிதல்ல. இருந்தும் மாஸ்டர் ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். "நாக்கின் கூப்சோ" என்றார். மொழிபெயர்த்தேன். கடைக்காரர் இன்னும் ஒரு கரண்டி கொண்டுவந்து வைத்தார்.

வானில் போகும்போது வாசுகி விஷயத்தைச் சொன்னாள். அடுத்த மாதம் கணவருடைய வேலைக்காக அவர்கள் மட்டக்களப்புக்குக் குடிபெயர்கிறார்கள். கிளிநொச்சி வகுப்பைப் பார்த்துக்கொள்ள யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் வருவார். முல்லைத்தீவில் அவள் நடத்தும் இன்னொரு வகுப்புக்குத்தான் ஆள் இல்லை.

"அங்க மாதா கோயில் மண்டபத்திலதான் வகுப்பு, சோதனையும் அங்கதான், அக்கா. பாதர் நல்லவர். ஆனா கறுப்புப் பட்டி எடுத்த ஆள் ஒராள் பொறுப்பா நிக்கோணும், இல்லாட்டி மண்டபம் தரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டார். ஆரும் கைகால் முறிஞ்சா அவரைத்தானே கேப்பினம். அந்த வகுப்பு ஜெனிற்றாதான் சோதனைக்கு நிக்கிறா. அவ பாஸ் பண்ணினா வகுப்பு இருக்கும். இல்லையெண்டா அண்டைக்கே வகுப்பு முடிஞ்சுது."

இதை நான் மொழிபெயர்த்ததும், "நன்றாக ஆடினால் தேர்ச்சி. ஆடாவிட்டால் இல்லை. மண்டபத்தைப் பார்த்து மதிப்பெண் போட மாட்டேன்" என்றார் மாஸ்டர். வாசுகி தலையாட்டினாள். அவள் எதிர்பார்த்த பதில்தான் போலிருக்கிறது.

மறுநாள் காலை கிளிநொச்சி வகுப்பு. தகரக் கூரை, வழவழப்பான சிமென்ட் தரை, ஒரு பக்கம் திறந்த வெளி, அதற்கப்பால் நெல்வயல். பெண்கள் பன்னிரண்டு பேர். தையல்காரர், வங்கியில் வேலை செய்பவர், வயலிலிருந்து நேராக வந்தவர் என்று பல விதம். கலா என்பவள் மருத்துவமனையில் நர்ஸ். கடைசியாக முல்லைத்தீவு பஸ்ஸில் வந்து இறங்கினாள் ஜெனிற்றா. முப்பத்தைந்து வயது இருக்கலாம். கணவர் கடலுக்குப் போகிறவர், இவள் கருவாடு போட்டு விற்கிறாள். கையில் ஒரு வாளி. மூடிக்குள் ஏதோ உயிரோடு சுரண்டிக்கொண்டிருந்தது.

படம் இல்லாமல் கூப்சோ பாடம் எப்படி நடத்துவது? மாஸ்டர் சற்று யோசித்தார். "யாராவது தரையில் படுங்கள். சுற்றி வரைந்துகொள்ளலாம்" என்றார். எல்லோரும் ஜெனிற்றாவைத் தள்ளிவிட்டார்கள். கைகளை விரித்துப் படுத்தாள். மாஸ்டர் சாக்பீஸால் கோடு இழுக்கத் தொடங்கினார்.

"வடிவாப் படு. எழும்பேக்க பட்டியோட எழும்பலாம்" என்றாள் கலா.

"மாஸ்டரிட்டச் சொல்லுங்கோ அக்கா, இடுப்பைக் கொஞ்சம் குறைச்சுக் கீறட்டாம்" என்றாள் ஜெனிற்றா படுத்தபடியே. கடமை தவறாமல் அதையும் மொழிபெயர்த்தேன். முகத்தில் மாற்றமே இல்லாமல் மாஸ்டர் கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளி இழுத்தார். வகுப்பு உருண்டு சிரித்தது.

பக்கத்துக் கடையிலிருந்து சோடா மூடிகள் ஒரு பை வந்தது. ஒவ்வொருத்தியாக வந்து ஒரு கூப்சோவின் பெயரைக் கொரிய மொழியில் சொல்லி, உருவத்தில் அந்த இடத்தில் மூடியை வைக்க வேண்டும். நெற்றிப்பொட்டு, இன்ஜுங், தாடை, குரல்வளை, நெஞ்சுக்குழி, அடிவயிறு. ஒன்றுகூடத் தவறவில்லை. எந்த இடத்தைப் போட்டியில் அடிக்கலாம், எதை உயிருக்கு ஆபத்து வந்தால் மட்டும் அடிக்கலாம் என்று மாஸ்டர் கேட்டார். அதையும் பிரித்துச் சொன்னார்கள். வாசுகி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெருமையை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

"முடிந்தது. நல்லது" என்றார் மாஸ்டர்.

ஆனால் பெண்கள் கலையவில்லை. கலா இன்னொரு மூடியை எடுத்து உருவத்தின் இடது முழங்கைக்குச் சற்று மேலே வைத்தாள். மாஸ்டர் தலையசைத்தார். "அது கூப்சோ இல்லை." தையல்காரப் பெண் வந்து வலது முழங்கால் ஓரத்தில் ஒன்று வைத்தாள். "அதுவும் இல்லை." ஜெனிற்றா தன் உருவத்தின் இடது பக்கவயிற்றில் ஒன்று வைத்தாள்.

"யொப்குரி. இது சரி" என்ற மாஸ்டர், வலது பக்கத்திலும் ஒரு மூடியை வைத்தார். "இரண்டு பக்கமும் வைக்க வேண்டும்."

ஜெனிற்றா குனிந்து வலது பக்க மூடியை எடுத்துவிட்டாள். "வலப்பக்கம் ஒண்டுமில்லை, மாஸ்டர்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் வாசுகியைப் பார்த்தேன்.

"அது பீஸ், அக்கா" என்றாள் வாசுகி. "சண்டை நேரம் விழுந்த செல் வெடிச்ச துண்டு. எடுக்கப் போனா மோசமாகும் எண்டு டொக்டர்மார் உள்ளுக்கே விட்டது. இவையில கனபேருக்கு இருக்கு. உங்கட படத்தில அது இல்லைத்தான். எங்களுக்கு அதையும் சேர்த்தாத்தான் படம்."

இரும்புச் சிதறலுக்குக் கொரியச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். பட்டறையில் கண்ணாடி அணியாமல் வேலை செய்கிறவர்களை எச்சரிக்க அடிக்கடி பயன்படும் சொல். அதை ஒரு மனித உடம்பைப் பற்றிச் சொல்வது அன்றுதான். சொன்னேன். மாஸ்டர் தரையில் கிடந்த மூடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு வாசுகி அவர்களுடைய வழக்கத்தைச் செய்துகாட்டச் சொன்னாள். கலாவும் ஜெனிற்றாவும் கவசம் அணிந்து எதிரெதிரே நின்றார்கள். குனிந்து வணங்கினார்கள். ஜெனிற்றா தன் இடது பக்கவயிற்றைத் தொட்டாள். உடனே கலாவும் தன் இடது பக்கவயிற்றைத் தொட்டாள். கலா தன் முழங்கைக்கு மேலே தொட்டாள், ஜெனிற்றாவும் தன் கையில் அதே இடத்தைத் தொட்டாள். என் இடம் இது என்று ஒருத்தி சொல்ல, விளங்கியது என்று மற்றவள் பதில் சொல்கிறாள். அதன் பின் விட்டார்கள் பாருங்கள் உதை. தகரக் கூரை அதிர்ந்தது. தயக்கம், அரை வேகம் எதுவும் இல்லை. அந்த ஒரு கையகல இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் முழுப் பலத்தோடு அடித்துக்கொண்டார்கள். 

மாஸ்டர் கைதட்டவில்லை. "நாளை எதிராளி கொழும்பிலிருந்து வருகிறாள். வேறு கழகத்தவரோடுதான் மோத வேண்டும், அது என் விதி. அவளுக்கு இந்த வழக்கம் தெரியாது. தெரியவும் கூடாது. எதிராளி விட்டுக்கொடுத்து ஆடினால் அது தேர்வு இல்லை. பலவீனமான இடத்தை மறைப்பதுதான் கலை. ஜெனிற்றாவிடம் சொல்லுங்கள். காட்டக் கூடாது" என்றார்.

சொன்னேன். ஜெனிற்றாவின் முகம் சுருங்கியது. "காட்டாம எப்பிடி, அக்கா, கும்பிடுறது? பொய் சொல்லிப்போட்டு அடிபடுறமாதிரியெல்லோ இருக்கும்."

"கவசத்தின் மேல் அடி பட்டால் ஆபத்தா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"கவசத்தோட விளையாடலாம் எண்டு டொக்டர் சொன்னவர்" என்றாள் ஜெனிற்றா. "நேரா பட்டா மூச்சு நிக்கும். கொஞ்ச நேரத்தில திரும்பி வரும்." பஸ்ஸைப் பற்றிப் பேசுவது போல இருந்தது.

கடைசியில் ஒத்துக்கொண்டாள். அன்று மாலை முழுவதும் வினோதமான ஒரு பயிற்சி நடந்தது. ஜெனிற்றா குனிந்து வணங்குவாள், கை தானாக இடப்பக்கம் போகும். கலா காத்திருந்து அந்தக் கையில் ஓர் அடி போடுவாள். மறுபடி வணக்கம், மறுபடி அடி. "கை சொல்வழி கேக்குதில்லை" என்றாள் ஜெனிற்றா. "உன்ர மனுசனும் அப்பிடித்தானே சொல்லுறவர், உன்னைப் பற்றி" என்றாள் கலா.

வாளியில் சுரண்டியது நண்டு. இரவுச் சாப்பாடு சிவப்பரிசிச் சோறும் நண்டுக் குழம்பும். மாஸ்டர் ஓட்டோடு போராடுவதைப் பார்த்து ஜெனிற்றா அவர் தட்டிலிருந்த நண்டை வாங்கி அடிப்புறத்தில் ஓர் இடத்தில் பெருவிரலை வைத்து அழுத்தினாள். இரண்டாகத் திறந்தது. "நண்டின்ர கூப்சோ" என்றாள். மாஸ்டர் அன்று முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

மூன்றாம் நாள் காலை வான் கிளம்ப மறுத்தது. சாரதி அடியில் படுத்து எழுந்து, "இது இண்டைக்கு எழும்பாது" என்று அறிவித்தார். முல்லைத்தீவுக்கு வெறுமையாகத் திரும்பிக்கொண்டிருந்த மீன் ஏற்றும் கூலர் வாகனத்தை வாசுகி கைகாட்டி நிறுத்தினாள். மாஸ்டரும் நானும் முன்னால் சாரதியின் பக்கத்தில், பெண்கள் பின்னால் மீன் பெட்டிகள் மேல், கதவைத் திறந்து கயிற்றால் கட்டிக்கொண்டு. எங்கள் ஊர்ச் சாலையில் காவலர் நிறுத்தியிருப்பார். இங்கே வழியில் பார்த்தவர்கள் எல்லாம் கையசைத்தார்கள். முள்ளிவாய்க்காலைக் கடக்கும்போது பின்னால் பேச்சு நின்றிருந்தது. சாரதியும் வானொலியைக் குறைத்தார். வட்டுவாகல் பாலத்தில் இரு பக்கமும் நீர், காலை வெளிச்சத்தில் இறால் பிடிப்பவர்கள் இடுப்பளவில் நின்றார்கள். அங்கே மறுபடி பின்னாலிருந்து சிரிப்புக் கேட்டது. மண்டபத்தில் இறங்கியபோது எங்கள் எல்லோரிடமும் மீன் மணத்தது. முல்லைத்தீவில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கொழும்பு எதிராளி நிலூஷி எங்களுக்கு முன்பே வந்து கால்களை நீட்டித் தளர்த்திக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். உயரம். சிங்களமும் ஆங்கிலமும் பேசுவாள். மாஸ்டரை வணங்கினாள், ஜெனிற்றாவைப் பார்த்துச் சிரித்தாள். மண்டபம் நிறைந்திருந்தது. கடற்கரைப் பெண்கள், அவர்கள் பிள்ளைகள், பின்வரிசையில் பாதர். அந்த வகுப்பில் படிப்பவர்கள் எல்லோரும் முன்வரிசையில் ஒரே மாதிரி கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

எதிராளி இல்லாமல் தனியாகச் செய்துகாட்டும் வரிசைகளில் ஜெனிற்றா அருமையாக ஆடினாள். அவள் குத்திய இடத்தில் எதிரே ஒரு ஆள் நிற்பது எனக்கே தெரிந்தது, அவனுடைய இன்ஜுங் உட்பட. பலகை முதல் உதையில் உடைந்தது. மிச்சம் இருந்தது மோதல்.

"சாரியொத்" என்றார் மாஸ்டர். நேராக நின்றார்கள். "க்யொங்ரே." குனிந்தார்கள்.

நிமிர்ந்தபோது ஜெனிற்றாவின் கை இடப்பக்கம் போய்த் தொட்டுவிட்டு வந்தது.

நிலூஷியின் புருவம் உயர்ந்தது. அவளுக்கு அது எப்படித் தோன்றியிருக்கும் என்று அந்தக் கணமே எனக்குப் புரிந்தது. உலகத்தில் வேறு எந்த அரங்கிலும் அப்படித் தொட்டுக்காட்டினால் ஒரே அர்த்தம்தான்: முடிந்தால் இங்கே அடி.

நான் எழுந்தேன். மாஸ்டர் என் பக்கம் திரும்பாமலே உள்ளங்கையைத் தாழ்த்தினார். உட்கார். "சிஜாக்" என்றார். ஆரம்பம்.

நிலூஷி காத்திருக்கவில்லை. ஒரு போலி உதை, ஓர் எட்டு, பிறகு வலது கால் சுழன்று அந்த இடத்திலேயே விழுந்தது. கவசத்தில் பட்ட சத்தம் பாய்மரத் துணி காற்றில் அடித்தது போல இருந்தது. ஜெனிற்றாவின் முழங்கால்கள் மடங்கின. ஒரு கையை ஊன்றி, வாயைத் திறந்தபடி இருந்தாள். மூச்சு வரவில்லை.

மாஸ்டர் எண்ணத் தொடங்கினார். ஹனா. தூல். செத். பத்து வரை எண்ணினால் தோல்வி. முன்வரிசைப் பெண்கள் யாரும் கூப்பிடவில்லை, தைரியம் சொல்லவில்லை. எல்லோரும் அவள் முதுகையே பார்த்தார்கள். எப்போது அசையும் என்று. ஆறு வரும்போது அசைந்தது. ஏழில் ஒரு காலை ஊன்றினாள். எட்டில் எழுந்து நின்று கைகளை உயர்த்தினாள்.

கலா போய்ப் பரிசோதித்தாள். கண்ணைப் பார்த்தாள், வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், நாடி பிடித்தாள். "நோகுதே?"

"நோகும்தானே."

"விடுவமே?"

"மூச்சு வந்திட்டுது. மிச்சத்தை வீட்டை போய்ப் பாப்பம்."

கலா மாஸ்டரைப் பார்த்து, தொடரலாம் என்று தலையசைத்தாள். முதல் சுற்றின் மிச்ச நேரம் விலகி விலகிப் போனதிலேயே முடிந்தது. இடைவேளையில் ஜெனிற்றா தண்ணீர் குடித்தாள். நிலூஷியின் நிற்கும் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் சுற்று. மறுபடி வணக்கம். நிமிர்ந்தாள். கை இடப்பக்கம் போனது. இம்முறை மெதுவாக. தொட்டு, ஒரு நொடி அங்கேயே இருந்தது.

வாசுகி முகத்தைப் பொத்திக்கொண்டாள். நிலூஷியின் முகத்தில் கோபம் தெரிந்தது. பாய்ந்தாள். அதே போலி உதை, அதே எட்டு, அதே சுழல். ஆனால் உதை வந்த இடத்தில் ஜெனிற்றா இல்லை. வலக்காலில் சுழன்று முதுகைக் காட்டி இடது குதிகாலைப் பின்னால் விட்டிருந்தாள். அது நிலூஷியின் கவசத்தில் நேராக நடுவில் பட்டது. மியொங்சி. நெஞ்சுக்குழி. நிலூஷி இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்தாள்.

மண்டபம் எழுந்துவிட்டது. நானும். பாதர் நாற்காலி மேல் ஏறியிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

நிலூஷி உடனே எழுந்து ஆடினாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் விட்ட உதைகளை ஒழுங்காக எழுத என்னால் முடியாது. மணி அடித்ததும் இருவரும் வணங்கினார்கள். நிலூஷி வாசுகியிடம் போய்ச் சிங்களத்தில் ஏதோ கேட்டாள். அவர்களுக்குள் நடந்ததை வாசுகி பிறகு எனக்குச் சொன்னாள். "ஏன் என்னை அப்படிச் சீண்டினாள்?" என்பது கேள்வி. வாசுகி பதில் சொல்லச் சொல்ல நிலூஷி தன் வலது காலைப் பார்த்தாள், உதைத்த காலை. பிறகு வெளியே போய்க் கிணற்றடியில் நின்றாள். ஜெனிற்றாதான் தண்ணீர் பாட்டிலோடு அவளிடம் போனாள். இருவருக்கும் பொதுவாக இருந்த மொழி கொஞ்சம்தான். இருவரும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

தேர்வின் கடைசிப் பகுதி வாய்மொழிக் கேள்வி. மாஸ்டர் மேசைக்குப் பின்னால், ஜெனிற்றா எதிரே நின்றபடி, நடுவில் நான்.

"கூப்சோக்களைச் சொல்."

கொரிய மொழியில் உச்சந்தலையிலிருந்து கால் வரை சொன்னாள். "இவ்வளவுதானா?" என்று மாஸ்டர் கேட்டார். "படத்தில இருக்கிறது இவ்வளவுதான், மாஸ்டர். மிச்சம் ஆளுக்காள் வேற. அது கேட்டாத்தான் தெரியும்."

மாஸ்டர் அடுத்த கேள்விக்குப் போனார். "இன்று இரண்டு தடவை காட்டினாய். காட்டாதே என்று சொல்லியிருந்தேன்."

ஜெனிற்றா என்னைப் பார்த்துச் சொன்னாள். "முதல் தரம் கை தானாப் போனது, அக்கா. இரண்டாம் தரம் நான்தான் அனுப்பினனான்."

மொழிபெயர்க்கும்போது என் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. மாஸ்டர் முன்னால் சாய்ந்தார். "அதாவது, வணக்கத்தைப் பொறியாக்கினாய்."

"ஓம்." கொஞ்சம் நிறுத்தினாள். "வாசுகி ரீச்சருக்கு என்னில கோவம். எங்கட கும்பிட்டை வச்சு ஏமாத்திப்போட்டன் எண்டு. அவா சொல்லுறதும் சரிதான்."

சுவரோரம் நின்ற வாசுகி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"போட்டியில் அது தந்திரம். நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல தந்திரம்" என்றார் மாஸ்டர். "ஆனால் நாளை முதல் இந்த மண்டபத்தில் நீ ஆசிரியை என்று வைத்துக்கொள். இவர்களுக்கு எதைக் கற்றுக்கொடுப்பாய்?"

ஜெனிற்றா முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண்களில் எத்தனை பேருக்கு எந்த இடம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். "முதலாவதைத்தான், மாஸ்டர். தொட்டா நம்போணும். ரெண்டாவதை நான் படிப்பிக்கமாட்டன். அது எனக்கு இண்டைக்கு மட்டும்."

சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன். மாஸ்டர் எழுந்தார். தன் பையிலிருந்து கறுப்புப் பட்டியை எடுத்து மேசையைச் சுற்றி வந்தார். அவரே கட்டினார். முடிச்சை இழுத்து இறுக்கும்போது இடது பக்கத்தைத் தொடாமல் கையை விலக்கிப் பிடித்திருந்தார். "சரி" என்றார் தமிழில். "போதும்."

மண்டபத்தில் எழுந்த சத்தத்தைக் கேட்டுக் கடற்கரையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். வாசுகி போய் ஜெனிற்றாவின் காதைப் பிடித்து முறுக்கினாள், பிறகு கட்டிக்கொண்டாள். பாதர் மண்டபச் சாவியைத் தேடித் தன் பைகளை எல்லாம் தட்டினார்.

இறாலும் மீனும் தின்று முடிக்கும் வேளையில் கிளிநொச்சி பஸ்ஸிலிருந்து ஒரு நடத்துநர் குழாயோடு வந்தார். "பளையில இருந்து. ஒரு கொரியாக்காரன்ர பீரங்கி எண்டு சொன்னவை." மாஸ்டர் படத்தை விரித்தார். கூப்சோக்கள் சிவப்புப் புள்ளிகளாக, மிகச் சுத்தமாக இருந்தன. அதை ஜெனிற்றாவிடமே கொடுத்தார். சுவரில் மாட்டினாள். மாட்டியவுடன் முன்வரிசைப் பெண் ஒருத்தி வந்து படத்தில் புள்ளி இல்லாத தோள்பட்டையில் விரலை வைத்து, "இதில ஒண்டு விடுபட்டுப்போச்சு" என்றாள்.

நாங்கள் புறப்படுவதற்கு முன் நிலூஷியின் வாகனம் வந்தது. பையைப் போட்டுவிட்டு ஏறப் போனவள், இறங்கித் திரும்பி வந்தாள். ஜெனிற்றாவுக்கு எதிரே கால்களைச் சேர்த்து நின்று குனிந்து வணங்கினாள். நிமிர்ந்து தன் வலது முழங்காலைத் தொட்டு, வாசுகியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். உதைத்த அதே கால். உள்ளே இரண்டு திருகாணிகள் இருக்கின்றனவாம், தெரிந்தால் அணியில் சேர்க்க மாட்டார்கள் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம். வாசுகி அதை என் காதில் சொல்லும் முன்பே, ஜெனிற்றா குனிந்து தன் வலது முழங்காலைத் தொட்டுவிட்டிருந்தாள்.